மூவாயிரம் டாலர் சர்சார்ஜும் ஒரு வழக்கறிஞர் அலுவலகமும்

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கில் நியூ ஜெர்சியில் தண்டனை பெற்று, நீதிமன்ற அபராதத்தையும் கட்டி முடித்து, எல்லாம் ஓய்ந்தது என்று நினைத்திருக்கும் வேளையில் மோட்டார் வாகன ஆணையத்தின் சர்சார்ஜ் எனும் கூடுதல் கட்டணத்தின் பாக்கி தலைதூக்குவது அந்த மாநிலத்தில் புதிதல்ல. அந்தப் பாக்கியைத் தீர்த்து, முடங்கிய ஓட்டுநர் உரிமத்தை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யும் வழக்கறிஞர் அலுவலகங்களும் அங்கே ஏராளம். அவற்றுள் ஒன்றின் சேவையை என் சித்தப்பா மகன் பெற்றான். முதல் தொலைபேசி அழைப்பு முதல் உரிமம் கைக்கு வந்தது வரை நானும் உடனிருந்தேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கொடுத்த கட்டணத்தில் பாதி வீண். மறு பாதிக்கு அவர்கள் செய்த வேலையை நாங்களாகச் செய்திருக்க முடியாது. எது எந்தப் பாதி என்று பிரித்துக் காட்டினால், இதே நிலையில் இருப்பவர்கள் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று தீர்மானித்துக்கொள்ள உதவும்.

சேவையை மதிப்பிடுவதற்கு முன் சர்சார்ஜ் என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் இதில் குழப்பமே பலருக்கும் பாதிச் சுமை. நகராட்சி நீதிமன்றத்தில் நீதிபதி விதிக்கும் அபராதம் வேறு, இது வேறு. முதல் முறை குற்றத்துக்கு நீதிமன்ற அபராதம், இரத்தத்தில் இருந்த மதுவின் அளவைப் பொறுத்து, 250 டாலரிலிருந்து 500 டாலர் வரைதான். அதோடு சேரும் சில்லறைக் கட்டணங்களைக் கூட்டினாலும் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகையாகவே தோன்றும். சர்சார்ஜ் என்பது 1983-ஆம் ஆண்டின் வாகனக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ் மோட்டார் வாகன ஆணையம் தனியே விதிக்கும் கட்டணம். முதல் இரண்டு தண்டனைகள் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 1,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள், மொத்தம் 3,000 டாலர். மூன்றாண்டுக் காலத்துக்குள் மூன்றாவது தண்டனை வந்தால் அதற்கு ஆண்டுக்கு 1,500 வீதம் 4,500 டாலர். இதைக் கூட்டவோ குறைக்கவோ நீதிபதிக்கு வேலையில்லை. நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்த பிறகு, அந்தத் தகவல் ஆணையத்துக்குப் போய்ப் பதிவேறி, அதன்பின் சர்சார்ஜ் பில் தபாலில் வருகிறது. ஆகவே, நீதிமன்றத்தின் பணம் கட்டும் சாளரத்தில் ரசீது வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு, தண்டனையின் மிகப் பெரிய பணச்சுமை இன்னும் தொடங்கவே இல்லை என்பது உறைப்பதில்லை.

அந்தப் பில் எங்கே போகும் என்பதில்தான் தாமதக் கதைகள் பெரும்பாலும் பிறக்கின்றன. ஆணையத்தின் பதிவில் உள்ள கடைசி முகவரிக்கு எழுத்து மூலம் அறிவித்தால் போதும் என்பதே சட்டத்தின் நிலை. கடிதம் உரியவர் கையில் சேர்ந்ததா என்று அது கேட்பதில்லை. முகவரி மாறினால் ஒரு வாரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை உரிமம் வைத்திருப்பவருடையது. பணம் வராவிட்டால் உரிமம் உடனே முடக்கப்படும். அதன் பிறகும் வராவிட்டால், ஆணையம் மாநிலத்தின் சுப்பீரியர் நீதிமன்ற எழுத்தரிடம் கடன் சான்றிதழைத் தாக்கல் செய்யலாம். அது பதிவானவுடன் நீதிமன்றத் தீர்ப்புக்கு இணையான வலுவைப் பெறுகிறது, வட்டியும் ஏறத் தொடங்குகிறது. இவற்றுக்கு அப்பால், மாநில வருமான வரியில் திரும்பி வர வேண்டிய தொகையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது.

என் தம்பிக்கு நேர்ந்தது இந்த வரிசைப்படியே நேர்ந்தது. தண்டனை 2019-க்கு முந்தியது. நீதிமன்றம் விதித்த அபராதத்தைக் கட்டினான், ஐ.டி.ஆர்.சி. என்று அங்கே எல்லோரும் சொல்லும், மது அருந்தி ஓட்டியவர்களுக்கான மையத்தின் பன்னிரண்டு மணி நேர வகுப்பையும் முடித்தான். உரிமம் முடங்கியிருந்த காலத்திலேயே நிறுவனம் அவனைச் சென்னைக்கு மாற்றிவிட்டது. அடுக்ககத்தைக் காலி செய்தவன் வங்கிக்கும் கைப்பேசி நிறுவனத்துக்கும் புது முகவரி கொடுத்தான். கார் ஓட்டப்போவதில்லையே என்று ஆணையத்தை விட்டுவிட்டான். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி ஜெர்சி சிட்டியில் குடியேறியபோதும் ரயிலிலேயே வேலைக்குப் போய்வந்ததால் உரிமத்தைப் பற்றிய நினைப்பு வரவில்லை. மாநில வரித் துறையிலிருந்து கடிதம் வந்த பிறகுதான் விழித்துக்கொண்டான். திரும்பி வர வேண்டிய வரிப்பணம் மோட்டார் வாகன ஆணையத்தின் பாக்கிக்காக ஈடுசெய்யப்பட்டது என்று அதில் ஒரே பத்தியில் எழுதியிருந்தார்கள். வரி விவரத்தில் அவனே எழுதிக் கொடுத்த புது முகவரிக்கு அந்தக் கடிதம் சரியாக வந்து சேர்ந்திருந்தது. ஆணையத்தின் கடிதங்களோ அதுவரை பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்திருக்க வேண்டும். மாநிலம் ஒன்றுதான் என்றாலும், ஒரு கை அறிந்த முகவரியை மறு கை அறிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்போதுதான் வழக்கறிஞர் அலுவலகத்தைத் தேடினோம். முதல் ஆலோசனை இலவசம் என்று விளம்பரத்தில் இருந்தது, அது உண்மையும்கூட. ஆனால் அந்த அழைப்பை எடுத்தவர் வழக்கறிஞர் அல்ல. வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்காக அமர்த்தப்பட்ட பணியாளர். பாக்கி பழையது, அறிவிப்புக் கைக்கு வரவில்லை, எனவே தொகையைக் குறைக்கப் போராடலாம் என்று அவர் பேசிய விதம் எனக்கு உறுத்தியது. தண்டனை நிலைத்திருக்கும்வரை சர்சார்ஜ் சட்டத்தில் எழுதிவைக்கப்பட்ட நிலையான தொகை. தாமதம் என்ற காரணத்தைக் காட்டி பேரம் பேசும் இடம் அந்தச் சட்டப்பிரிவில் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, ஓராண்டு சர்சார்ஜுக்கு ஏறத்தாழ ஈடான தொகையை முன்பணமாகச் செலுத்திய பிறகு பேசிய வழக்கறிஞர் இதை முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒப்புக்கொண்டார். “இந்த மூவாயிரத்தில் ஒரு டாலரைக்கூட என்னால் குறைக்க முடியாது, எப்படிக் கட்டுவது, எந்த வரிசையில் கட்டுவது என்பதில்தான் நான் உதவ முடியும்” என்றார். நேர்மையான பேச்சு. பணம் வாங்குவதற்கு முன்பே அதைச் சொல்லியிருந்தால் இன்னும் நேர்மையாக இருந்திருக்கும்.

அந்த உரையாடலின்போது தம்பி கேட்ட ஒரு கேள்வியைக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் நம்மவர்களிடையே இது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் தவறான நம்பிக்கை. டெக்சஸில் இருக்கும் நண்பருக்கு இதே போன்ற பாக்கி ஒரே நாளில் தள்ளுபடியானது, நியூ ஜெர்சியிலும் அப்படி ஏதேனும் வருமா என்று அவன் கேட்டான். நண்பர் சொன்னது பொய்யல்ல. டெக்சஸில் 2003-இல் தொடங்கிய சர்சார்ஜ் திட்டத்தை 2019 செப்டம்பர் 1 முதல் அந்த மாநிலம் ஒழித்து, நிலுவையில் இருந்த சர்சார்ஜ் பாக்கிகளையும் தள்ளுபடி செய்தது. அதற்குப் பதிலாக மது வழக்குகளில் நீதிமன்றமே வசூலிக்கும் பெரிய அபராதத்தை அதே சட்டத்தில் சேர்த்துக்கொண்டது என்பதை நண்பர் சொல்ல மறந்திருப்பார். மிச்சிகனும் 2018-இல் தன் திட்டத்தைக் கைவிட்டு எஞ்சிய கடனைத் தள்ளுபடி செய்தது. நியூயார்க்கில் மது வழக்கில் ஆண்டுக்கு 250 டாலர் வீதம் மூன்று ஆண்டுகள் வசூலிக்கும் முறை 2004 நவம்பரிலிருந்து நடக்கிறது. நியூ ஜெர்சி இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. எண்பதுகளில் அந்த மாநிலம் உருவாக்கிய பொது வாகனக் காப்பீட்டு அமைப்பு கடனில் மூழ்கியபோது அந்தப் பள்ளத்தை நிரப்பப் பயன்பட்ட பணங்களில் சர்சார்ஜும் ஒன்று. அமைப்பு 1990-இல் மூடுவிழா கண்ட பிறகும் வசூல் நிற்கவில்லை. ஓர் ஓட்டையை அடைக்க வந்த வரவு, ஓட்டை அடைபட்ட பிறகும் தங்கிவிடுவது அரசாங்கங்களில் வழக்கம்தான். வழக்கறிஞர் இந்த வரலாற்றுக்குள் போகவில்லை. டெக்சஸ் சட்டம் டெக்சஸுக்கு மட்டும் என்று முடித்துக்கொண்டார். அவருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி, பணத்துக்கு ஈடான பாதி. ஓட்டுநர் வரலாற்று அறிக்கையை, அங்கே அப்ஸ்ட்ராக்ட் என்று சொல்வதை, ஆணையத்திடமிருந்து பதினைந்து டாலர் கட்டி எவரும் பெறலாம். நாங்களும் முன்பே பெற்றிருந்தோம். பெற்றுப் பார்த்தும் ஒன்றும் விளங்கவில்லை. அந்த அறிக்கையில் ஒவ்வொரு நிகழ்வும் தேதி வாரியாக ஒரு வரி: குற்றம் நடந்த நாள், தீர்ப்பு நாள், நீதிமன்றம் விதித்த முடக்கம் தொடங்கிய நாள், பின்னர் சர்சார்ஜ் கட்டாததால் மீண்டும் முடக்கம், அடுத்த ஆண்டு அதே காரணத்தால் இன்னொரு முடக்கம், அதன் கீழே இன்னொன்று. பார்த்தவுடன் அவனுக்கு நான்கு தனித்தனி வழக்குகள் இருப்பதுபோல் ஒரு கலக்கம். “அண்ணா, நான் ஒரு தடவைதானே மாட்டினேன், இவ்வளவு எங்கேயிருந்து வந்தது?” என்று அவன் கேட்டபோது என்னிடமும் பதில் இல்லை.

வழக்கறிஞர் அந்தத் தாளை மேசையில் விரித்து, இடது ஓரத்தில் பென்சிலால் மூன்று அடையாளங்கள் போட்டார். வட்டம் போட்ட வரி நீதிமன்றத்துக்குரியது. கோடு போட்டவை சர்சார்ஜ் முடக்கங்கள், ஓராண்டுத் தவணைக்கு ஒன்று வீதம். சதுரம் போட்ட இடம் வெற்று இடம், அங்கே உரிம மீட்புப் பதிவு இருந்திருக்க வேண்டும், இல்லை. நீதிமன்றம் விதித்த முடக்கக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் காலம் முடிந்தால் உரிமம் தானாக உயிர்பெற்றுவிடாது, நூறு டாலர் மீட்புக் கட்டணம் கட்டி மீட்க வேண்டும், அதைக் கட்டும் முன்பே தம்பி நாட்டைவிட்டுப் போயிருந்தான் என்று அவர் விளக்கினார். ஆக ஒரே உரிமத்தின்மீது வெவ்வேறு பூட்டுகள். ஒவ்வொன்றின் சாவியும் வெவ்வேறு இடத்தில். நீதிமன்றத்தில் அபராதப் பாக்கி ஏதும் தங்கியிருக்கிறதா, ஐ.டி.ஆர்.சி. முடித்த தகவல் பதிவில் ஏறியிருக்கிறதா, சர்சார்ஜ் எவ்வளவு, அதில் எவ்வளவு தீர்ப்புக் கடனாக மாறியிருக்கிறது, வரிப்பணத்திலிருந்து பிடித்த தொகை எந்த ஆண்டின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது என்று ஐந்து கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றையும் எங்கே கேட்பது என்று பக்கத்தில் குறித்துத் தந்தார். நான் அந்த அலுவலகத்துக்குக் கொடுக்கும் நல்ல மதிப்பெண் முழுவதும் அந்த ஒரு தாளுக்குத்தான். எத்தனை படிவங்களை வேண்டுமானாலும் நாமே நிரப்பலாம், தொலைபேசியிலும் காத்திருக்கலாம். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாதபோதுதான் ஒரு வாரம் ஒரு மாதமாக நீள்கிறது.

பூட்டுகளைத் திறக்கும் வரிசையிலும் அவருடைய அனுபவம் பயன்பட்டது. முதலில் நீதிமன்றத்திலும் ஐ.டி.ஆர்.சி.யிலும் பாக்கி இல்லை என்பதை உறுதிசெய்தார். அடுத்து சர்சார்ஜுக்கு ஏற்பாடு செய்தார். மீட்புக் கட்டணத்தைக் கடைசிக்கு விட்டார். முன்னதாகவே மீட்புக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, உரிமம் இன்னும் ஏன் திறக்கவில்லை என்று வரிசையில் நின்று சண்டை போடுகிறவர்களைத் தாம் வாரந்தோறும் பார்ப்பதாகச் சொன்னார்.

சர்சார்ஜ் ஏற்பாட்டுக்கு வருவோம், ஏனெனில் அலுவலகம் தன் சாதனையாகக் காட்டிக்கொண்ட பகுதியும், நான் வீண் என்று சொன்ன பாதியும் இதுதான். கட்டாத சர்சார்ஜுக்காக முடங்கிய உரிமம், அந்த முடக்கத்துக்குக் காரணமான பாக்கி ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐந்து சதவீதம் கட்டப்படும்வரை முடங்கியிருக்கும் என்கிறது சட்டம். அதாவது மூன்று ஆயிரங்களும் முழுதாக நிற்கிற ஒருவருக்கு அந்த முதல் தொகை 150 டாலர். மீதியைத் தவணையில் கட்ட ஆணையம் அனுமதிக்கலாம்: மொத்தம் 2,300 டாலருக்குக் கீழ் என்றால் 12 மாதம், 2,300 அல்லது அதற்கு மேல் என்றால் 24 மாதம், தகுந்த காரணம் காட்டினால் 36 மாதத்துக்கு மிகாத காலம். 3,000 டாலரை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 125. 36 மாதத்துக்குப் பிரித்தால் 84 டாலருக்குச் சற்றுக் குறைவு. இதற்கெல்லாம் வழக்கறிஞர் தேவை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. பில்லை அனுப்பும் சர்சார்ஜ் பிரிவிடம் உரிமம் வைத்திருப்பவரே கேட்கலாம். பணத்தையும் அவரே தபாலிலோ இணையத்திலோ கட்டலாம். ஆனால் அலுவலகம் அனுப்பிய கடிதத்தில் “எங்கள் முயற்சியால் உங்களுக்குப் பெற்றுத் தரப்பட்ட சிறப்புத் தவணை வசதி” என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். 24 மாதத்தை 36 ஆக்குவதற்கு அவர்கள் எழுதிய காரணக் கடிதம் நன்றாகத்தான் இருந்தது. சம்பளச் சீட்டையும் வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்து, வரிப்பணம் பிடிக்கப்பட்டதால் கையிருப்புக் குறைந்ததை ஒரு பக்கத்துக்குள் சொல்லியிருந்தார்கள். கேட்ட காலம் கிடைத்தது. அதற்கு அவர்களுக்கு ஒரு சபாஷ். ஆனால் எவருக்கும் திறந்திருக்கும் வாசலைத் தங்கள் வீட்டு வாசல் என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியவில்லை.

தவணை வசதியில் உள்ள கூர்மையான முள்ளை அலுவலகம் போதுமான அழுத்தத்துடன் சொல்லவில்லை என்பதும் என் குறை. ஒரு தவணை தவறினால் மீதித் தொகை முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகிவிடும், அதைக் கட்டத் தவறினால் உரிமம் மறுபடி முடங்கும். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், இதற்கு ஒரு வாக்கியம் இருந்தது. மூன்று ஆண்டுகள் மாதாமாதம் கட்ட வேண்டிய ஒருவருக்கு அதுவே முதல் பக்கத்து முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். காலத்தை நீட்டித்து வாங்குவதும் எல்லோருக்கும் நல்லது என்று நான் நினைக்கவில்லை. கையில் பணம் இருப்பவர்கள், குறிப்பாகத் தீர்ப்புக் கடனாக மாறி வட்டி ஏறும் பகுதியை, முதலில் கட்டித் தீர்ப்பதே சரி. அலுவலகம் இந்தக் கணக்கை எங்களுக்குப் போட்டுக் காட்டவில்லை, நாங்களே காகிதத்தில் போட்டுப் பார்த்து வட்டிப் பகுதியை முதலில் அடைத்தோம்.

ஓர் இடத்தில் மட்டும் வழக்கறிஞர் சற்றும் நெகிழவில்லை, அதைப் பாராட்டியே ஆக வேண்டும். முதல் தொகையைக் கட்டிய மறுநாளே, “பக்கத்துக் கடைவரை ஓட்டிப் பழகலாமா?” என்று தம்பி விளையாட்டாகக் கேட்டான். உரிமம் மீட்கப்பட்டது என்ற எழுத்து மூலமான அறிவிப்பு கையில் வரும்வரை காரின் சாவியைத் தொடவே கூடாது என்றார் அவர். முடங்கிய உரிமத்துடன் ஓட்டினால் முதல் முறைக்கே 500 டாலர் அபராதம். முடக்கம் சர்சார்ஜ் கட்டாததால் வந்தது என்றால் அதற்கு மேல் 3,000 டாலர் அபராதம், முழு சர்சார்ஜையும் கட்டிவிட்டதற்குச் சான்று காட்டினால் மட்டுமே நீதிமன்றம் அந்த மூவாயிரத்தைத் தள்ளுபடி செய்யும். இவை போதாதென்று அந்தக் குற்றத்துக்கே ஆண்டுக்கு 250 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குப் புதிய சர்சார்ஜ். தம்பி அதன் பிறகு விளையாடவில்லை.

அலுவலகம் தரும் அச்சிட்ட தகவல் தாளும் நன்றாகத் தயாரிக்கப்பட்டது. இணையத்தில் தேடினால் எளிதில் அகப்படாத இரண்டு செய்திகள் அதில் இருந்தன. மது அருந்தி ஓட்டியதற்கும், மூச்சுப் பரிசோதனைக்கு மறுத்ததற்கும் ஒரே சம்பவத்தில் தண்டனை பெற்றவருக்கு இரண்டு சர்சார்ஜ் கிடையாது, ஒன்றுதான்; அப்படிப்பட்டவர்கள் தங்கள் பில்லில் அதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. நியூ ஜெர்சி உரிமம் வைத்திருப்பவர் பென்சில்வேனியாவிலோ வேறு மாநிலத்திலோ இதற்கு இணையான குற்றத்துக்குத் தண்டனை பெற்றாலும் நியூ ஜெர்சியின் சர்சார்ஜ் அவரைத் தேடி வரும் என்பது மற்றொன்று. மாநில எல்லையான ஆற்றைக் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் அங்கேயே எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். எதிர்பாராத தாமதப் பில்லுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தத் தாளில் இருந்த ஒரே போதாமை காப்பீடு பற்றியது. சர்சார்ஜ் மாநிலத்துக்குப் போகும் பணம். காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை உயர்த்துவது முற்றிலும் தனி நடவடிக்கை. சர்சார்ஜைக் கட்டிவிட்டதால் பிரீமியம் இறங்காது, பிரீமியம் உயர்ந்ததால் சர்சார்ஜ் தீராது. இரண்டு வரியில் சொல்லக்கூடிய இந்தச் செய்தியைப் பற்றித் தாள் வாய் திறக்கவில்லை.

அன்றாடத் தொடர்பு சுமார் என்றுதான் சொல்வேன். வழக்கறிஞர் கிடைக்கும்போது பொறுமையாகப் பேசுகிறார், ஆனால் அவர் பெரும்பாலான நேரம் நீதிமன்றத்தில் இருக்கிறார். மின்னஞ்சலுக்குச் சட்ட உதவியாளர்தான் பதில் எழுதுகிறார், அதுவும் நினைவூட்டிய பிறகு. ஒப்பந்தத்தில் ஒரே கட்டணம் என்று இருந்தும், அப்ஸ்ட்ராக்ட் கட்டணம், தபால் செலவு, “இதரச் செலவுகள்” என்று தனி வரிகள் கணக்கில் ஏறின. இதரம் என்றால் என்ன என்று கேட்டதும் அந்த வரியை மட்டும் நீக்கிவிட்டார்கள், விளக்கம் தரவில்லை. தவணைகளை எங்கள் சார்பில் தாங்களே மாதந்தோறும் கட்டித் தருவதாகவும், அதற்குச் சிறு சேவைக் கட்டணம் உண்டு என்றும் சொன்னார்கள். அதை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. நேரடியாகக் கட்டும்போது ரசீது நம் பெயரில், நம் கையில் இருக்கும். இடையில் ஒருவரை வைத்து, அவர் ஒரு மாதம் தவறவிட்டால், முழுத் தொகையும் ஒரேயடியாக விழப்போவது அவர் தலையில் அல்ல.

இந்தச் சேவை யாருக்கு வேண்டும் என்று கேட்டால், தண்டனை அண்மையில் பெற்று முதல் சர்சார்ஜ் பில் இப்போதுதான் வந்திருப்பவருக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். ஆணையத்தில் முகவரியைச் சரிசெய்து, பில்லில் உள்ள தேதிக்குள் தவணைக்கு ஏற்பாடு செய்துகொண்டால் போதும். வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தில் ஓராண்டு சர்சார்ஜே தீர்ந்துவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட முடக்கங்கள் அடுக்காக இருப்பவர்கள், பாக்கி தீர்ப்புக் கடனாக மாறியவர்கள், வேறு மாநிலத் தண்டனையோடு கலந்து கிடப்பவர்கள் ஆகியோர் இத்தகைய அலுவலகத்துக்குப் போகலாம். ஆனால் முழுச் சேவைக்கு ஒப்பந்தம் போடாமல், அப்ஸ்ட்ராக்டைப் படித்து வரிசையை எழுதித் தரும் ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் என்ன கட்டணம் என்று கேளுங்கள். நாங்கள் பின்னால் விசாரித்தபோது அந்த அலுவலகத்திலேயே அப்படி ஒரு வசதி இருப்பதும், கேட்டால் மட்டுமே அதைச் சொல்வதும் தெரியவந்தது. நான் இப்போது முடிவு செய்ய வேண்டியிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.

முழுச் சேவைக்கே போகிறவர்கள் கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் கடைசிப் பத்தியைப் படித்துவிட வேண்டும். எங்கள் ஒப்பந்தப்படி அலுவலகத்தின் பொறுப்பு உரிமம் மீட்கப்பட்ட நாளோடு முடிகிறது. கடைசித் தவணை கட்டிய பிறகு, சுப்பீரியர் நீதிமன்றப் பதிவில் நிற்கும் கடன் தீர்ந்துவிட்டது என்று அங்கே குறிக்கப்பட்டதா என்று பார்க்கும் வேலை அதில் இல்லை; அதைச் சேர்த்துத் தரும்படி கேட்டபோது தனிக் கட்டணம் சொன்னார்கள். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய பதிவு குறுக்கே வந்து நிற்கலாம் என்பதால், அந்த வேலையையும் அதே கட்டணத்துக்குள் எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் அதற்குத் தனியே பணம் கொடுக்கவில்லை. ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு, கடைசித் தவணைக்குப் பின் நேரே எழுத்தருக்கு எழுதுவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான்.